மார்ச், ஏப்ரலில் கின்னோர் – ஸ்பிதி கார்ப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷிம்லாவில் ஆரம்பித்து, சட்லெஜ் ஆற்றை ஒட்டியே கின்னோர் மாவட்டத்தைக் கடந்து, ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் காஜா வரை போகும் சாலையைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். ஜூனிலோ செப்டம்பரிலோ போகிறவர்களுக்கு ஏகப்பட்ட தகவல் கிடைக்கிறது. பனி உருகத் தொடங்கும் மார்ச் பாதியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை போக நினைப்பவர்களுக்குத்தான் சந்தேகங்கள் அதிகம், ஏனென்றால் கோடைக்காலத் திட்டத்தை அப்படியே எடுத்து ஏப்ரலில் போட்டால் அது வேலை செய்யாது.

மணாலி வழியாக ஏறி, ஷிம்லா வழியாக இறங்கி, ஒரு சுற்றாக வரலாமா?

முடியாது. மணாலிக்கும் காஜாவுக்கும் நடுவில் குன்சும் கணவாய் இருக்கிறது, உயரம் 4,500 மீட்டருக்கு மேல். நவம்பர் வாக்கில் மூடினால் பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்ததிலிருந்து இந்தக் குழப்பம் கூடிவிட்டது. ஒன்பது கி.மீ. நீளமுள்ள அந்தச் சுரங்கம் தவிர்ப்பது ரோதங் கணவாயை மட்டும்தான். அதன் வழியாக சிஸ்ஸு, கேலாங் பக்கம் போகலாம், காஜாவுக்குப் போக முடியாது. சந்திரதால் ஏரியும் அந்த மூடிய பகுதியில்தான் இருக்கிறது, அதனால் அதையும் மறந்துவிடுங்கள்.

ஆக, போன வழியே திரும்ப வேண்டும். பலருக்கு இது பிடிப்பதில்லை. எனக்கு இதில் ஒரு வசதி தெரிகிறது: போகும்போது மேகம் மூடி ஒன்றும் தெரியாமல் போன இடத்தைத் திரும்பும்போது பார்க்கலாம், எந்த வளைவில் சாலை மோசம், எந்தக் கடையில் பராத்தா நன்றாக இருக்கும் என்பதெல்லாம் இறங்கும்போது முன்பே தெரிந்திருக்கும்.

மார்ச்சா, ஏப்ரலா?

உங்களுக்குப் பனி வேண்டுமா, பூ வேண்டுமா என்பதைப் பொறுத்தது. மார்ச்சில் மேற்கிலிருந்து வரும் மேலடுக்குக் காற்றுச் சலனங்கள் இன்னும் ஓய்ந்திருக்காது. ஒன்று வந்தால் இரண்டு மூன்று நாள் கீழே மழை, மேலே பனி. கின்னோரில் உள்ள கல்பாவில் முழங்கால் அளவு பனி கிடப்பதும் உண்டு. ஏப்ரலிலும் இது வரும், ஆனால் கொஞ்சம் இடைவெளி விட்டு வரும், விழுந்த பனியும் சீக்கிரம் உருகும்.

பூக்கள் கீழிருந்து மேலே ஏறும். மார்ச் கடைசியில், ஷிம்லாவைத் தாண்டி வரும் நார்கண்டாவைச் சுற்றிய காடுகளில் புராஞ்ஷ் மரங்கள் சிவப்பாகப் பூத்திருக்கும் (நம் நீலகிரியில் காட்டுப்பூவரசு என்கிறோமே, அதற்கு நெருங்கிய சொந்தம்). அதை அடுத்து கின்னோரின் தாழ்வான ஊர்களில் பாதாமி (ஆப்ரிகாட்) மரங்கள், வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, இலை வருவதற்கு முன்பே பூக்கும். கோட்கட், தானேதார் பக்கம் ஆப்பிள் பூப்பது ஏப்ரலில். சாங்லா, கல்பா உயரத்துக்கு அது ஏப்ரல் கடைசி அல்லது மே. ஸ்பிதியில் அந்த நேரத்தில் ஒரு பச்சை இலைகூட இருக்காது, பழுப்பும் வெள்ளையும்தான்.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஏப்ரல் 10-க்குப் பிறகு என்றுதான் சொல்வேன். பிள்ளைகளுக்கு முழு ஆண்டுப் பரீட்சை முடிவதும் ஏறக்குறைய அப்போதுதான்.

எத்தனை நாள் வேண்டும்?

சண்டிகரிலிருந்து சண்டிகர் வரை பதினொரு நாள். இதில் இரண்டு நாள் எந்த ஊருக்கும் ஒதுக்காத நாள், சாலை மூடினால் உட்கார்ந்திருப்பதற்காக. அந்த இரண்டு நாளை மட்டும் குறைக்காதீர்கள், ஏனென்றால் திரும்பும் விமான டிக்கெட் கையில் இருக்கும்போதுதான் ஆட்கள் இருட்டில் மலையில் ஓட்டுகிறார்கள்.

நான் சொல்லும் கணக்கு இது: முதல் நாள் நார்கண்டா. அடுத்து கல்பாவுக்குப் போய் இரண்டு இரவு. பிறகு ஸ்பிதியில் உள்ள தாபோ, அங்கே ஓர் இரவு. காஜாவில் இரண்டு இரவு. திரும்பும்போது மறுபடி கல்பாவிலோ, அதற்குக் கீழே உள்ள ரெக்காங் பியோவிலோ (சுருக்கமாகப் பியோ) ஓர் இரவு, ராம்பூரிலோ நார்கண்டாவிலோ ஓர் இரவு. ஷிம்லாவில் தங்குவதற்கு நான் நாள் ஒதுக்குவதில்லை; போக்குவரத்து நெரிசலைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

ஏழு நாள்தான் லீவு என்றால் கின்னோரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நார்கண்டா, சாங்லா, கல்பா, அவ்வளவுதான். கல்பாவில் காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் எதிரே 6,000 மீட்டரைத் தாண்டிய கின்னர் கைலாஷ் நிற்கும், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. அதை ஓடிக்கொண்டே பார்த்துவிட்டு, காஜா வரை போனேன் என்று சொல்வதற்காக மூன்று நாள் தொடர்ந்து வண்டியில் உட்கார்ந்திருப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

உயரம் ஒத்துக்கொள்ளுமா? மூச்சுத் திணறுமா?

காஜா சுமார் 3,700 மீட்டரில் இருக்கிறது. ஊட்டியைவிட ஏறக்குறைய 1,500 மீட்டர் அதிகம். கடற்கரையில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் அங்கே கிடைக்கும். ஜிம்முக்குப் போகிறவர், போகாதவர் என்ற வேறுபாடெல்லாம் இதற்குத் தெரியாது; இளைஞர்கள்தான் வேகமாக ஏறி, வேகமாகப் படுத்துக்கொள்கிறார்கள்.

3,000 மீட்டருக்கு மேல் போனால், இன்று தூங்கும் உயரம் நேற்றுத் தூங்கிய உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. கல்பா சுமார் 2,900. பலர் அங்கிருந்து நேராக நாக்கோவில் போய்த் தங்குகிறார்கள், அது 3,600-க்கு மேல். தலைவலி அங்கேதான் ஆரம்பிக்கும். நாக்கோவில் ஏரியைப் பாருங்கள், டீ குடியுங்கள், ஆனால் தூங்குவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டி தாபோவுக்கு இறங்குங்கள். அது 3,300-க்குக் கீழேதான். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

உயரத்தால் வரும் தொந்தரவுக்கு எடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும், சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தலைவலியோடு வாந்தி வந்தால் அன்றைக்கு மேலே ஏறாதீர்கள். நடக்கும்போது தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காத்திருக்கவே வேண்டாம், இரவானாலும் உள்ளூர் டிரைவரை வைத்துக் கீழே இறங்குங்கள். காஜாவில் அரசு மருத்துவமனை உண்டு. அதைவிடப் பெரியது ரெக்காங் பியோவில்.

ஒரு நாளில் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு நிறுத்துவது?

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இது முக்கியம், யாரும் கேட்பதுதான் இல்லை.

இந்தப் பருவத்தில் ஒரே சாலை ஒரு நாளைக்கு மூன்று விதமாக இருக்கும். விடியற்காலையில், முந்தைய நாள் உருகிச் சாலையில் ஓடிய நீர் இரவில் உறைந்து, தார் மேல் கண்ணாடி போல மெல்லிய ஐஸாகக் கிடக்கும். பார்த்தால் ஈரம் போலத்தான் தெரியும். மலையின் நிழல் விழும் வளைவுகளில், அதுவும் பாலத்தின் மேல், இது ஒன்பது மணி வரைக்கும் இருக்கும். வெயில் சாலையில் பட்ட பிறகு நல்ல நேரம் தொடங்குகிறது. மதியத்துக்குப் பிறகு வேறு கதை: பாறை இடுக்கில் இரவு உறைந்து விரிந்திருந்த ஐஸ் இளகும், அதுவரை அது பிடித்து வைத்திருந்த கல் கழன்று வரும். மேலே பனி நிறைய இருந்தால் சரிவும் பெரும்பாலும் வெயில் ஏறிய பிறகுதான் வரும். சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் ஓடைகளில், அங்கே எல்லோரும் நாலா என்பார்கள், காலையில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர் மூன்று மணிக்கு முழங்காலைத் தொடும்.

எனவே எட்டரை, ஒன்பது மணிக்குக் கிளம்பி, மூன்று மணிக்குள் வண்டியை நிறுத்திவிடுவது. அவ்வளவுதான் விதி. ஒரு நாளில் ஆறு மணி நேர ஓட்டம், இந்தச் சாலையில் அது 150 கி.மீ. இருக்கலாம், 100-ம் இருக்கலாம். செயலியில் காட்டும் நேரத்தை நம்பாமல் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கல் விழும் இடத்தை அடையாளம் காண்பது எளிதுதான். சாலையில் புதிதாக உடைந்த கல் சிதறியிருக்கும், உடைந்த முகம் வெளுப்பாக, தூசி படியாமல் இருக்கும். அங்கே நின்று படம் எடுக்கக் கூடாது. ஜன்னலை இறக்கி, பாட்டை நிறுத்தி, மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு நிற்காமல் கடந்துவிட வேண்டும். நாக்கோவுக்கு அருகே உள்ள மல்லிங் நாலா பகுதி இதற்குப் பெயர் போனது. கீழே நிகுல்சாரியில் 2021 ஆகஸ்ட்டில் மலை சரிந்து ஒரு பஸ்ஸும் மற்ற வண்டிகளும் புதைந்து 28 பேர் இறந்தார்கள். அது மழைக்காலம், ஆனால் மலை அதே மலைதான்.

சாலை மூடிவிட்டால் என்ன செய்வது?

டீ குடிக்கலாம். இந்தச் சாலையைப் பராமரிப்பதில் பெரும்பங்கு ராணுவத்தோடு சேர்ந்த எல்லைச் சாலைகள் அமைப்புக்கு, பிஆர்ஓ-வுக்கு. சீன எல்லைக்குப் போகும் சாலை என்பதால் அவர்கள் அதை நீண்ட நாள் மூடி வைக்க மாட்டார்கள், சிறிய சரிவென்றால் ஜேசிபி வந்து சில மணி நேரத்தில் வழி விடும். பெரிதாக விழுந்தால் ஒரு நாள், இரண்டு நாள். வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்திருக்கும் நாளில் கிளம்பவே வேண்டாம், சிவப்பென்றால் கேள்வியே இல்லை.

சாலை நிலவரத்துக்கு நான் நம்புவது அரசு பஸ் டிரைவர்களைத்தான். பியோ பஸ் ஸ்டாண்டில் காலையில் போய், காஜா பஸ் கிளம்புகிறதா என்று கேளுங்கள். அவர்கள் கிளம்பினால் நீங்களும் கிளம்பலாம். அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு டீக்கடையில் நின்றால் நீங்களும் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள்.

எந்த வண்டி வேண்டும்? நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் வேண்டுமா?

ஏப்ரல் பாதிக்குப் பிறகு, வானம் தெளிவாக இருந்தால், சாதாரண கார் போதும். உள்ளூர்க்காரர்கள் பாதிப் பேர் ஆல்டோவில்தான் போகிறார்கள். தரையிலிருந்து கொஞ்சம் உயரம் இருந்தால் நாலாவில் அடி தட்டாது. மார்ச்சில் போவதானால் 4x4 நல்லது, ஆனால் ஐஸ் மேல் அதுவும் வழுக்கத்தான் செய்யும். அங்கே உதவுவது டயர் சங்கிலியும் நிதானமும். சங்கிலியை வாங்கி டிக்கியில் போட்டால் மட்டும் போதாது, வீட்டு வாசலிலேயே ஒரு தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். கை விறைத்துப்போன குளிரில் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

இரவில் வண்டியை நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, டயருக்குக் கீழே கல் வையுங்கள். பிரேக் உறைந்து பிடித்துக்கொள்வது உண்டு. வைப்பரைத் தூக்கி வையுங்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருக்கக் கூடாது, கூலன்ட் சரியான கலவையில் இருக்க வேண்டும். பேட்டரி பழையதென்றால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள்.

சென்னையிலிருந்து சொந்த வண்டியில் போகிறவர்களும் இருக்கிறார்கள், ஷிம்லா வரைக்குமே 2,500 கி.மீ. வாக்கில் வரும். ஓட்டுவது பிடித்தவர்களுக்குச் சரி. மற்றவர்கள் டெல்லி அல்லது சண்டிகர் வரை ரயிலிலோ விமானத்திலோ போய் அங்கே வண்டி எடுக்கலாம். வாடகைக்குத் தானே ஓட்டும் கார் எடுத்தால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தப்பு, விபத்தானால் காப்பீடும் கை கொடுக்காது.

மலையில் ஓட்டிப் பழக்கமில்லை. டிரைவர் வைத்துக்கொள்ளவா?

ஆமாம். கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளை ஓட்டியிருக்கிறேன் என்பது உதவும், ஆனால் அங்கே சாலைக்கு ஓரம் இருக்கிறது, தடுப்புச் சுவர் இருக்கிறது. தராண்டா பக்கம் பாறையைக் குடைந்து வெட்டிய சாலையில் தலைக்கு மேல் பாறை, ஒரு பக்கம் அதலபாதாளம், எதிரே அணைக்கட்டு வேலைக்குப் போகும் டிப்பர் லாரி. ஷிம்லா அல்லது ராம்பூர் டிரைவர் ஒருவரை வைத்துக்கொண்டால் அந்த ஓடைகளையும் அங்கே ஓட்டும் மற்ற டிரைவர்களையும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

நீங்களே ஓட்டினால்: இறக்கத்தில் செகண்ட் கியர், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காதீர்கள். குறுகலான இடத்தில் மேலே ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும்.

பெட்ரோல், டீசல்?

பியோவுக்குக் கீழே பவாரியில் டேங்கை முழுதாக நிரப்புங்கள். அதற்கு அடுத்து நம்பிப் போகக்கூடியது காஜா பங்க்தான், நடுவில் 200 கி.மீ. அங்கேயும் சாலை மூடியிருந்தால் டேங்கர் வராது. டீசல் வண்டிக்காரர்கள் சமவெளியில் நிரப்பிய டீசலோடு காஜா குளிரில் இரவு நிறுத்தாமல் இருப்பது நல்லது, அது கெட்டியாகி வடிகட்டியை அடைக்கும். மேலே போகப் போக உள்ளூர் டீசல் போட்டுக்கொள்ளுங்கள்.

தங்கும் இடங்கள் திறந்திருக்குமா?

கின்னோரில் பிரச்சினை இல்லை. தாபோ, காஜாவில் பெரிய ஹோட்டல்கள் பல மே மாதத்தில்தான் திறக்கும். வீட்டோடு சேர்ந்த ஹோம்ஸ்டேக்கள் கிடைக்கும், எனக்கு அவைதான் பிடிக்கும். வீட்டின் நடு அறையில் தகரத்தில் செய்த விறகடுப்பு இருக்கும், தந்தூர் என்பார்கள். ஒரு குழாய் கூரைக்கு மேலே புகையைக் கொண்டுபோகும், மேலே எப்போதும் ஒரு கெட்டில் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த வீடு முழுக்க அந்த ஓர் அறையில்தான் வாழும்: பாட்டி, பிள்ளைகள், டிவி, நீங்கள். படுக்கை அறையில் சூடு இருக்காது, இரண்டு கனமான ரஜாய் கொடுப்பார்கள்.

குழாயில் தண்ணீர் எதிர்பார்க்காதீர்கள், உள்ளே உறைந்திருக்கும். வாளியில் வெந்நீர் கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குவதற்கு முன் யாரோ ஒருவர் அதைச் சுமந்து வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கிராமங்களில் கழிப்பறை பெரும்பாலும் மண்ணும் சாம்பலும் போடும் உலர் வகை. வாசம் வராது, ஆனால் உள்ளே தண்ணீர் ஊற்றக் கூடாது. இதை நம் ஊர் ஆட்களுக்கு ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

டென்ட் போட்டுத் தங்கலாமா?

ஸ்பிதியில் வேண்டாம். மதியத்துக்குப் பிறகு அடிக்கும் காற்று கூடாரத்தைப் பிடுங்கும், இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே நன்றாகவே இறங்கும். சாங்லா பக்கம் ஏப்ரல் கடைசியில், நல்ல தூங்கும் பை இருந்தால், போடலாம். சரிவுக்கு அடியிலும் ஆற்றுப் படுகையிலும் போடாதீர்கள். மேலே அணை உள்ள ஆற்றில் தண்ணீர் சொல்லிக்கொண்டு வராது.

சாப்பாடு?

ராஜ்மா, சாதம், பராத்தா, மேகி, துக்பா (திபெத்திய நூடுல்ஸ் சூப்). சைவம் தாராளமாகக் கிடைக்கும். காஜா உயரத்தில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் குக்கர் இல்லாமல் பருப்பும் அரிசியும் லேசில் வேகாது. நீங்களே சமைக்கும் திட்டமிருந்தால் சின்ன குக்கர் எடுத்துக்கொள்ளுங்கள். ஊறுகாயும் பருப்புப் பொடியும் எப்படியும் எடுத்துக்கொண்டுதான் போவீர்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

அனுமதிச் சீட்டு வேண்டுமா? போன், பணம்?

இந்தியக் குடிமக்களுக்கு அனுமதி தேவையில்லை. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் உறவினர்களும் சேர்த்து, பியோவுக்கு மேல் எல்லைப் பகுதிக்கு அனுமதி வாங்க வேண்டும். எல்லோரும் அடையாள அட்டை கையில் வைத்திருங்கள், சோதனைச் சாவடியில் பெயரும் வண்டி எண்ணும் எழுதிக்கொள்வார்கள்.

போன் சிக்னல் ஊர்களில் வரும், நடுவில் வராது. வரைபடத்தைத் தரவிறக்கி வையுங்கள். பியோவில் பணம் எடுத்துவிடுங்கள். காஜாவில் ஏடிஎம் உண்டு, ஆனால் மின்சாரமும் நெட்வொர்க்கும் சேர்ந்து ஒத்துழைத்தால்தான் அதில் பணம் வரும்.

குழந்தைகள், பெரியவர்களோடு போகலாமா?

கின்னோர் வரை தாராளமாக. ஸ்பிதிக்குக் கைக்குழந்தைகளையும், இதயம் அல்லது நுரையீரல் தொந்தரவு உள்ள பெரியவர்களையும் இந்தப் பருவத்தில் கூட்டிப்போக வேண்டாம். உயரத்தைவிட எனக்குப் பயம், சாலை மூடிவிட்டால் அவர்களைக் கீழே கொண்டுவர வழி இருக்காது என்பதுதான்.

பைக்கில்?

ஏப்ரல் கடைசியில், ஐஸ் போன பிறகு. மார்ச்சில் இரண்டு சக்கரத்தில் போவதற்கு நான் யோசனை சொல்ல மாட்டேன்.

காஜா வரை போய்விட்டால் என்னென்ன பார்க்கலாம்?

தாபோ மடாலயத்தை முதலில் சொல்வேன். 996-ல் கட்டியது, வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மண் சுவர். உள்ளே இருட்டுக்குக் கண் பழகப் பழகத்தான் சுவரோவியங்களும் சுவரிலிருந்து நீண்டு நிற்கும் சுதைச் சிலைகளும் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்; டார்ச்சோ கேமராவோ எடுக்காதீர்கள், அவசரமும் படாதீர்கள். நம் ராஜராஜன் தஞ்சையில் ஆண்டுகொண்டிருந்த அதே காலம். கீ மடாலயமும் கிப்பர் கிராமமும் பெரும்பாலும் போகக்கூடியவை. லாங்சா, ஹிக்கிம், கோமிக் கிராமங்கள் எல்லாம் 4,400 மீட்டருக்கு மேலே, பனியைப் பொறுத்தது, காஜாவில் ஓர் இரவாவது தூங்கிய பிறகுதான் அங்கே ஏற வேண்டும். தன்கர் ஏரிக்கு நடந்து ஏறுவதை விட்டுவிடலாம், அப்போது அது பனித் தட்டாகத்தான் கிடக்கும்.

சித்குல் போகலாமா?

சாங்லா பள்ளத்தாக்கின் கோடியில் இருக்கும் கிராமம் அது; சாலை திறந்திருக்கிறதா என்று சாங்லாவில் கேளுங்கள். சில வருடம் மார்ச் கடைசியிலேயே திறந்துவிடும், சில வருடம் ஏப்ரல் பாதியிலும் வழியில் பனி கிடக்கும். திறந்திருந்தால் காலையில் போய் மதியம் திரும்பிவிடுங்கள்.

துணிமணி?

ஒரே தடிமனான ஜாக்கெட்டுக்குப் பதில் மூன்று அடுக்கு: உள்ளே தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத ஒன்று. கம்பளிச் சாக்ஸ் நான்கு ஜோடி. கூலிங் கிளாஸ் பனி மேல் படும் வெயிலுக்கு அவசியம், குழந்தைகளுக்கும் சேர்த்து. உதட்டுக்கு வாசலின்.

அங்கிருந்து என்ன வாங்கி வரலாம்?

கின்னோரில் நியோசா என்கிற சில்கோசா கொட்டை, பைன் மரத்திலிருந்து வருவது, விலை கேட்டால் தலை சுற்றும், ஆனால் ருசி அப்படி. பாதாமிக் கொட்டையிலிருந்து ஆட்டிய எண்ணெய், மூட்டு வலிக்குத் தேய்க்க வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். நார்கண்டா பக்கம் புராஞ்ஷ் பூவில் செய்த சிவப்பு ஸ்குவாஷ். ஆப்பிள் வாங்காதீர்கள், ஏப்ரலில் அங்கே கிடைப்பதும் குளிர்பதனக் கிடங்கிலிருந்து வருவதுதான், நம் ஊர்ப் பழக்கடையிலும் அதுவேதான் இருக்கும்.